அப்டேட் பட்டனை அழுத்த முன் ஒருக்கால் எங்களோடு கதையுங்கள்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் இணையத்தளத்தை இயக்குகிற வேர்ட்பிரஸ் மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தில், மேலே வட்ட அம்புக்குறியோடு ஒரு எண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காத்திருக்கிற அப்டேட்டுகளின் எண்ணிக்கை அது. சிலருக்கு அது 20ஐயும் தாண்டிவிட்டது. "இதை அழுத்தட்டோ?" என்று வட்சப்பில் கேட்டவர்களுக்கு "இப்ப வேண்டாம்" என்று மட்டும் பதில் போட்டோம். காரணம் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நகைக்கடைத் தளத்தில் நாங்களே அந்தப் பட்டனை அழுத்தினோம். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. முகப்பில் அன்றைய பவுண் விலை காட்டுகிற பெட்டியைக் காணவில்லை. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற தீம் என்கிற தொகுப்பின் கோப்புக்குள்ளேயே கை வைத்து அதை எழுதியிருந்தது நாங்கள்தான். தீமைப் புதுப்பித்தால் பழைய கோப்புறை முழுதாக அழிந்து புதியது வந்து உட்காரும். நடுவில் யார் என்ன எழுதினார்கள் என்று அது பார்க்காது. தளத்தை வைத்திருக்கிற ஹோஸ்டிங் நிறுவனத்தில் முதல் நாள் எடுத்த பிரதி (பக்அப்) இருந்தபடியால் பின்நேரத்துக்குள் மீட்டுவிட்டோம். முதலாளி ஏசவில்லை. "தம்பி, பவுண் விலை இல்லாட்டில் ஆர் வந்து பாக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

தீமின் கோப்புக்குள் கை வைக்கிற அதே அவசர வேலையை உங்களில் பலருடைய தளங்களிலும் செய்து வைத்திருக்கிறோம். அதனால் முதல் வேலை அதைத் திருத்துவது. இதற்குக் காசு எடுக்க மாட்டோம்.

உங்கள் தீமின் அதே பதிப்பை, யாரும் தொடாத பிரதியாக எடுத்து, உங்களிடம் இருப்பதோடு வரிக்கு வரி ஒப்பிடுவோம். வித்தியாசமாக நிற்கிற வரிகள்தான் உங்களுக்காகச் செய்த மாற்றங்கள். அவற்றைச் சைல்ட் தீம் என்கிற தனிக் கோப்புறைக்கு மாற்றுவோம். அப்புறம் மூல தீம் எத்தனை தரம் மாறினாலும் அந்தக் கோப்புறையில் கை படாது. ஒரு சின்னச் சிக்கல் உண்டு. லோகோ, மெனு இருக்கும் இடம், நிறம், அளவு சொல்லக் கூடுதலாக எழுதிய சி.எஸ்.எஸ் வரிகள் போன்றவற்றை வேர்ட்பிரஸ் ஒவ்வொரு தீமுக்கும் தனித்தனியாகத்தான் நினைவில் வைத்திருக்கும். சைல்ட் தீமுக்கு மாறிய உடனே மெனு காணாமல் போனதுபோல் தெரியலாம். அழிந்திருக்காது, திரும்ப அமைக்க வேண்டும். அதையும் நாங்களே செய்வோம்.

"இப்ப நல்லாத்தானே ஓடுது, ஏன் கிண்டுறீங்கள்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் உங்களில் பலரின் தளம் ஓடுவது, வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கிற பி.எச்.பி என்ற கணினி மொழியின் பழைய 7.4 பதிப்பில். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. பி.எச்.பி 8இலோ பழைய பிளகின்கள் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) நம்பியிருந்த சில கட்டளைகள் அறவே இல்லை. அப்படி ஒரு பிளகின் இருந்தால் தளம் முழுதும் படுத்துவிடும். ஹோஸ்டிங்காரர் தங்களுக்கு வசதியான நாளில் மாற்றிவிடுவதைவிட, நாம் பார்த்து ஒரு நாளில் மாற்றுவது நல்லது.

உங்கள் தளத்தில் நேரடியாக எதையும் சோதிக்க மாட்டோம். கோப்புகளையும், பக்கங்களின் எழுத்தும் ஓர்டர்களும் இருக்கிற தரவுத்தளத்தையும் சேர்த்துப் பக்அப் எடுத்து, அதை வேறொரு இடத்தில் விரித்துப் பார்ப்போம். விரிகிறதா என்று பார்க்காத பக்அப்பை நாங்கள் இப்போது நம்புவதில்லை. அந்தப் பரீட்சைப் பிரதியில் மின்னஞ்சல் போவதை நிறுத்திவிட்டு, வேர்ட்பிரஸ், பிளகின்கள், தீம், கடைசியாகப் பி.எச்.பி என்று ஒவ்வொன்றாக ஏற்றுவோம். எது எங்கே உடைகிறது என்று எழுதி வைப்போம்.

சரியாக வந்த பிரதியைத் தூக்கி உண்மையான தளத்தின் மேல் அப்படியே வைத்தால் என்ன என்று தோன்றும். கடைத் தளங்களில் அது ஆபத்து. நாங்கள் பிரதி எடுத்த பிறகு வந்த ஓர்டர்கள் எல்லாம் அதோடு அழிந்துவிடும். அதனால் எழுதி வைத்த அதே படிகளை உண்மையான தளத்தில் திரும்பச் செய்வோம். வேலை இரட்டிப்புத்தான், ஆனால் ஒரு ஓர்டரும் போகாது.

செய்வது காலை 11 மணிக்கு. நள்ளிரவில் செய்யலாமே என்று சிலர் சொன்னார்கள். ஆனால் உங்கள் ஓர்டர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சனத்திடமிருந்து வருகிறது. கோடையில் நமக்குக் காலை 11 என்றால் ரொறன்ரோவில் இரவு 1.30, லண்டனில் விடியற்காலை 6.30. நம்முடைய நள்ளிரவில் அங்கே பின்நேரமும் மாலையும். சனம் விழித்திருந்து வாங்குகிற நேரம். நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் உங்களுக்கு மூச்சுவிட நேரமிராது, அதனால் அதற்கு முன் எல்லோருடையதையும் முடிப்போம்.

பழைய தளம் வைத்திருப்பவர்கள் தமிழ் எழுத்தை ஒருக்கால் வடிவாகப் பாருங்கள். பழைய தரவுத்தளத்தைக் குறிமுறை (எழுத்துகளைச் சேமித்திருக்கிற முறை) பார்க்காமல் நகர்த்தினால் தமிழ் எல்லாம் தொப்பி போட்ட ஆங்கில எழுத்தாகவும் கேள்விக்குறியாகவும் மாறிவிடும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பக்கங்கள் இன்னும் மோசம். எழுத்துருக் கோப்பு தீமோடு போய்விட்டால் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். அப்படிப் பக்கங்கள் இருந்தால் சொல்லுங்கள், எழுத்துரு மாறினாலும் தமிழாகவே நிற்கிற யூனிகோடுக்கு மாற்றித் தருவோம். இதற்கு மட்டும் பக்கக் கணக்கில் காசு.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். தளத்தில் "எங்களுக்கென்று" செய்வித்தவற்றை, வேறு யாரிடமாவது செய்வித்ததையும் சேர்த்து, நினைவில் உள்ளபடி எழுதி அனுப்புங்கள். வேலை நடக்கும் நாளில் விலையோ படமோ மாற்ற வேண்டாம். நிர்வாகி மின்னஞ்சல் யாருடையது என்றும் பாருங்கள். தளம் பழுதானால் வேர்ட்பிரஸ் அறிவிப்பது அந்த முகவரிக்குத்தான். ஒரு கடையில் அது நாலு வருடத்துக்கு முன் கனடா போன தம்பியின் முகவரியாக இருந்தது. அவர் பாவம், ஒவ்வொரு முறையும் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்.

உங்கள் நாள் எது என்று தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்வோம். அதுவரை அந்த எண் ஏறினால் ஏறட்டும்.

அன்புடன்,
உங்கள் இணையத்தள வேலையாட்கள்
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்