விளையாட்டுப் பக்கத்தின் மூன்று வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை நான் கீழிருந்து மேலாகத்தான் படிப்பேன். மேலே கிரிக்கெட் இருக்கும். நடுவில் ஐரோப்பியக் கால்பந்து. அடியில், விளம்பரத்துக்குப் போக மிச்சம் விழுந்த இடத்தில், "பெண்கள் பிரிவில்" என்று தொடங்கி மூன்று வரி வரும். நான் தேடுவது அதைத்தான். கோவையிலேயே அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிற வாரத்தில்கூட அந்த மூன்று வரி நான்காவதாக வளர்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வயது 61. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடத்தில் ரிங் பால் ஆடியதைத் தவிர விளையாட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் பேத்தியை வ.உ.சி. பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பக்கத்திலிருந்து விசில் சத்தமும் கூட்டத்தின் கூச்சலும் கேட்டன. பஞ்சு மிட்டாயை நக்கிக்கொண்டே பேத்தி அந்தப் பக்கம் இழுத்தாள். ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை என்று இரண்டு கூடைப்பந்துப் போட்டிகளும் சேர்ந்து நடந்துகொண்டிருந்த வாரம் அது. நாங்கள் போய் உட்கார்ந்தபோது தெற்கு ரயில்வே பெண்களும் கேரள மின்வாரியப் பெண்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. எதற்கு விசில் ஊதுகிறார்கள், எதற்குப் பந்தைப் பிடுங்கி அடுத்த அணிக்குக் கொடுக்கிறார்கள் என்று விழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். "அது ட்ராவல்ங்கம்மா. பந்தைத் தட்டாமல் நடந்துட்டாங்க" என்றான். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் கூடையைப் பார்த்து எறிந்தாக வேண்டும். எட்டு விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. என் அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசை மாறுவதற்கு எட்டு நாள் ஆகும். எனக்கு இந்தக் கணக்குப் பிடித்துப்போனது.

மனதில் நின்றது ஒரு சின்ன விஷயம். யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவுக்குப் போன பெண் கோட்டுக்கு முன்னால் நின்று, ஒரு காலை மடக்கி, ஷூவின் அடியை உள்ளங்கையால் துடைத்தாள். பிறகு அடுத்த கால். வழுக்காமல் இருக்கவாம். சமையலறைக்குள் நுழையும் முன் நாம் மிதியடியில் கால் துடைப்போமே, அதே நிதானம். துடைத்துவிட்டு இரண்டு பந்தையும் வளையத்தில் படாமல் போட்டாள். பேத்தி தூங்கிவிட்டாள். நான் கடைசி விசில் வரை இருந்தேன்.

அன்று அந்தப் பையனிடம், "இவங்களுக்கு இதுதான் வேலையா தம்பி?" என்று கேட்டேன். "வேலை ரயில்வேலங்கம்மா. இது அதுக்கு மேல" என்றான். அந்தப் பதில்தான் என்னை மறுநாளும் வரவைத்தது.

காரணம் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பெண் வந்தாள், வாலிபால். மூன்று மணி ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விடுவாள். "நாற்காலி தேய்க்கிறது நாம, பேர் வாங்கறது அவ" என்று பேசிக்கொள்வோம். பேசியவர்களில் நானும் ஒருத்தி. முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்று, நிலுவைக் கோப்புகள் எத்தனை என்று அவளிடம் கேட்டதும் நான்தான். ஒரு நாளும் அவள் ஆடுவதைப் போய்ப் பார்க்கவில்லை. மைதானம் எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்.

நம் நாட்டில் பெண்கள் கூடைப்பந்து இப்படித்தான் பிழைத்திருக்கிறது. 2015இல் தொடங்கிய யூபிஏ என்ற தொழில்முறை கூடைப்பந்து லீக் ஆண்களுக்கானது. அதுவும் சில ஆண்டுகளில் நின்றுபோனது. பெண்களைத் தாங்குவது ரயில்வே, மின்வாரியம், காவல்துறை என்று சம்பளம் தரும் இடங்கள்தான். ஆஸ்திரேலியாவிலும் கொஞ்சம் இதே கதைதான் போலிருக்கிறது. தெற்கு ரயில்வேயின் கீத்து அன்னா ஜோஸ் அங்கே பிக் வி என்ற லீக்கில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். பின்னாளில் கேரள மின்வாரியத்தின் பி.எஸ். ஜீனாவும் அதே அணிக்குப் போனார். அந்த லீக்கும் முழுத் தொழில்முறை இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டு சாயங்காலம் ஆட வருகிறவர்கள் அங்கும் நிறைய. கீத்து 2011இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வு வரைக்கும் போய்வந்தவர். இதையெல்லாம் பேரனின் கைபேசியில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். செய்தித்தாளில் படித்ததாக நினைவில்லை.

அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எல்லாப் பத்திரிகையும் எழுதின, தாங்களும் எழுதினீர்கள். சென்னைப் பெண், தெற்கு ரயில்வே ஊழியர், குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடியவர். சரி, 2001இலிருந்து 2017 வரை ஆடிக்கொண்டிருந்தாரே, அப்போது எங்கே போயிருந்தோம்? 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதிப் போட்டியில் நம் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்று மேல்மட்டமான ஏ பிரிவுக்குப் போனார்கள். ஒரே ஒரு கூடை வித்தியாசம். கோவையிலிருந்து பகல் ரயில் ஏறினால் சாயங்காலம் போய்ச் சேர்கிற ஊர். முன்பே தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்று கேட்டால், அப்போது எனக்கு இந்த ஆட்டமே தெரியாது. ஆனாலும் ஆற்றாமையாக இருக்கிறது.

"பெண்கள் ஆட்டம் மந்தமாக இருக்கும், டங்க் கிடையாது" என்று என் தம்பி சொல்வான். பந்து மட்டும்தான் பெண்களுக்கு ஓர் அளவு சின்னது. கூடை ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே உயரம், 3.05 மீட்டர். டங்க் என்று எகிறி வளையத்தில் தொங்கிப் பந்தைத் திணிக்க முடியாது என்பதால் நாலு கை மாற்றித்தான் வழி திறக்க வேண்டியிருக்கிறது. யார் யாருக்கு மறைப்புக் கொடுத்தாள், யார் எந்த மூலைக்கு ஓடினாள் என்று என்னைப் போல் புதிதாகப் பார்க்கிறவளுக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்கள் ஆட்டத்தில் எனக்கு அது பிடிபடுவதில்லை. என் கண்ணுக்கு வயதாகிவிட்டது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முடிவுகளை மறுநாள் போடுகிறீர்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு யாரும் யாரும் மோதுகிறார்கள் என்பதை இன்றே போடுங்கள். ஒரு முறை அரையிறுதி என்று நினைத்துப் பருத்திப் பாலும் முறுக்கும் கட்டிக்கொண்டு போனேன். இறுதிப் போட்டியே முந்தின நாள் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காவலாளியும் நானும் முறுக்கைத் தின்றோம். அப்புறம், அதிகப் புள்ளி எடுத்த பெண்ணின் பெயரோடு எந்த ஊர்க்காரி, எங்கே வேலை பார்க்கிறாள் என்றும் ஒரு வரி போட்டால், டிக்கெட் கவுன்ட்டரில் நிற்கும்போது எதிரே இருப்பது யார் என்று நமக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் இடமில்லை என்று சொன்னால், அந்த ஒரு வாரத்துக்கு ராசிபலனில் துலாமை எடுத்துவிடுங்கள். நான் துலாம்தான், பொறுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோவை.