நைரோபியில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாகிவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று முதலில் எடுக்கவில்லை. அப்பா சாலையோரத்தில் கொட்டிக் காயவைத்து, மழை வரும்போதெல்லாம் தார்ப்பாயை இழுத்து மூடி, குவியலுக்குப் பக்கத்திலேயே கிடந்தார். பணம் வங்கிக்கு வந்துவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் செய்தால் "வேலையாக இருக்கிறேன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. உங்கள் திட்டத்துக்குப் பணம் தந்த அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பு யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை முதல் தேதியோடு மூடப்பட்டது பேப்பரில் வந்தது. அப்பாவும் படித்தார். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

"நாங்கள் சரியாகச் செய்யவில்லையோ" என்று ஒருநாள் சொன்னாயே, அதுதான் மனதை அறுக்கிறது. எச்.ஐ.வி. மருந்தைத் தவறாமல் கொண்டு சேர்த்தவள் நீ. மாமாவிடம் நான் அதைச் சொல்லாத நாளில்லை.

நான் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மதியம் கோதுமை ரவை உப்புமா போடுவார்கள். நெல் விளைகிற ஊரில் கோதுமை! எண்ணெய் டின்னில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். எங்கள் பசியைப் பார்த்துத்தான் அமெரிக்கா அனுப்பியது என்று நம்பினோம். பசி உண்மைதான். ஆனால் அந்தத் தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப வழிசெய்த பி.எல். 480 சட்டம் அமெரிக்காவில் 1954-ல் வந்ததற்கு, அங்கே விற்காமல் தேங்கிய தானியமும் காரணம். அந்த விவசாயிகளுக்கு ஓட்டு இருந்தது. பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது அதிபர் ஜான்சன் கோதுமையை மாதாமாதம் அளந்து அளந்துதான் விட்டார். விவசாயக் கொள்கையை மாற்று என்ற நெருக்கடி ஒரு பக்கம், வியட்நாம் போரை இந்தியா குறை சொன்ன கோபம் ஒரு பக்கம். உப்புமா கிண்டிய ஆயா இதில் என்ன தவறு செய்தாள்?

வாங்குகிறவர்களிடமும் அரசியல் உண்டு. சுனாமியில் நாகப்பட்டினத்துக் கீச்சாங்குப்பம் பிணக்காடாகக் கிடந்தபோது, வெளிநாட்டு அரசுகளின் உதவி வேண்டாம், நாங்களே சமாளிப்போம் என்றது டெல்லி. நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முடிவை யாரும் கீச்சாங்குப்பத்தில் கேட்டு எடுக்கவில்லை.

உன் எச்.ஐ.வி. திட்டத்தை 2003-ல் தொடங்கிய அன்றைய அமெரிக்க அதிபர் புஷ்ஷும் இன்றைய அதிபரின் கட்சிக்காரர்தான். அன்று அந்தத் திட்டம் வேண்டும் என்று அங்குள்ள தேவாலயங்கள் நின்றன. வெளிநாட்டு உதவி அமெரிக்க பட்ஜெட்டில் ஏறக்குறைய 1 சதவீதமாகத்தான் இருந்தது. இருந்தும் முதலில் வெட்டப்படுவது அதுதான், ஏனென்றால் கென்யாவில் மாத்திரைக்கு நிற்கிறவளுக்கு அமெரிக்காவில் ஓட்டு கிடையாது. இதை நீ உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

இவ்வளவு படித்த பெண், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சாப்பாட்டை விட்டுவிடாதே. வீட்டு வாடகை பாக்கி இருந்தால் சொல். நெல் பணம் அப்படியே இருக்கிறது, அப்பா தொடவில்லை. டிக்கெட் என்ன விலை என்று மட்டும் எழுது.

அம்மா