வாக்குத்தத்த அட்டை

அன்புள்ள தேவா,

மகள் கல்யாணத்துக்கு வரவில்லை என்று போனில் திட்டினாய். திட்டியது சரிதான். இங்கே பரீட்சை நடந்துகொண்டிருந்தது உண்மை, ஆனாலும் வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் கோயம்புத்தூரில் குடித்தனம் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். லில்லிக்கு முட்டிவலி பரவாயில்லை. லெந்து நாட்களில் உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் இதை உட்கார்ந்து படி.

நம் மெஸ் அண்ணாச்சியின் மகள் போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு நீ மூன்றாவது தடவை தட்டை நீட்டும்போது அண்ணாச்சி கரண்டியை ஓங்குவாரே, அப்போது அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ரெட்டைச் சடையோடு சிரிக்குமே, அந்தப் பிள்ளை. இப்போது நாற்பத்தைந்து வயது. நவம்பரில் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். லோடு ஆட்டோ ஓட்டினவர். இரண்டு சிறுநீரகமும் போய், இரண்டு வருஷம் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் சொன்னதால் ஒரு பாட்டிலில் நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்திருந்தாளாம். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கிவிட்டால் அப்புறம் வாயை நனைத்துத் துப்ப வேண்டியதுதான். பாட்டில் இன்னும் சமையலறை ஜன்னலில் இருக்கிறது, எடுக்க மனசு வரவில்லை என்றாள்.

பிறகு வேதாகமத்துக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். புது வருஷத்துக்கு என்று ஆளுக்கொரு வசனம் எடுப்போமே, அந்த வாக்குத்தத்த அட்டை. 2024 டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்தது. ரோஜாப்பூ படம், மூலை மடங்கி, ஓரத்தில் மஞ்சள் கறை. எரேமியா 29:11. உனக்கு மனப்பாடம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குமே, அதேதான். அன்றைக்கு அவர் அவள் கையைப் பிடித்து, "நாம எதிர்பாக்குற முடிவுன்னே போட்டிருக்கு, பாத்தியா" என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அது சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அவர் போன பிறகு சபையில் ஒருவர் விசுவாசம் குறைவு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போன டிசம்பரில் தட்டு வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"நாங்க எதிர்பாத்த முடிவு இதுவா அண்ணன்?" என்று கேட்டாள்.

இருபத்தாறு வருஷமாக எரேமியா நடத்துகிறேன், தேவா. வாய் திறக்க முடியவில்லை. லில்லிதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த அதிகாரத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி, யூதா ராஜாவின் தூதர் கையில் கொடுத்தனுப்பியது. வீட்டைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. பெர்சிய ராஜா கோரேஸ் அவர்களைத் திரும்பிப் போகச் சொன்னது கி.மு. 538இல். அந்தக் கடிதத்தை முதலில் வாசிக்கக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பாபிலோன் மண்ணிலேயே செத்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதினோராம் வசனம். நாம் எழுபது வருஷம் என்று சொல்கிற பத்தாம் வசனத்துக்கும் பதினோராம் வசனத்துக்கும் நடுவே கத்தரிக்கோலை வைத்துவிட்டோம்.

இன்னொன்று. எபிரேயத்தில் அங்கே "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று இல்லை. அகரீத், திக்வா என்று இரண்டு சொற்கள்: பின்னால் வரும் காலம், நம்பிக்கை. 1611 ஆங்கில வேதாகமமும் நம் பழைய மொழிபெயர்ப்பும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. மொழிபெயர்த்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், இரண்டையும் சேர்த்து அப்படி வாசிக்க இடம் உண்டு. ஆனால் தமிழில் அதைப் படிக்கிற லோடு ஆட்டோக்காரர் என்ன நினைப்பார்? தான் கேட்டது கிடைக்கும் என்றுதானே நினைப்பார்?

நீ உடனே அனனியாவை இழுப்பாய், எனக்குத் தெரியும். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொன்ன கள்ளத் தீர்க்கதரிசி. இன்றைக்கு டிவியில் பேசுகிறவர்கள் எல்லாரும் அனனியாக்கள் என்று பிரசங்கம் செய்வது சுலபம், நானும் செய்திருக்கிறேன். இந்தத் தடவை என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அனனியா சொன்னதைக் கேட்டதும் எரேமியா முதலில் சொன்ன வார்த்தை ஆமென். கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறான். அது கேலி என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் ஆசை. தன் கழுத்திலிருந்த நுகத்தை அனனியா உடைத்துப் போட்ட பிறகும் எரேமியா சண்டை போடாமல் தன் வழியே போகிறான். தட்டிலிருந்து அட்டை எடுக்கிற ஜனங்களைப் பார்த்து எனக்கும் முதலில் ஆமென்தான் வருகிறது. ஆனால் அந்த ஆமெனுக்குப் பிறகு எரேமியா வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடவில்லை. திரும்பி வந்து உண்மையைச் சொன்னான். நாம் ஆமென் சொல்லிவிட்டு அட்டைக் கட்டை ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். நவம்பர் மாதம் அந்த வீட்டுக்குப் போகும்போது கையில் ஒன்றும் இல்லை.

மறுநாள் நானே அவள் வீட்டுக்குப் போனேன். இருவரும் சேர்ந்து அதிகாரம் முழுவதையும் படித்தோம். ஏழாம் வசனத்தில் நிறுத்தினாள். உங்களைச் சிறையாக்கிக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்கிற இடம். அங்கேயும் பதினோராம் வசனத்திலும் சமாதானத்துக்கு எபிரேயத்தில் ஒரே ஷாலோம்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு டயாலிசிஸ் வார்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டிலில் மேலப்பாளையத்திலிருந்து ஒரு பாய் வருவாராம். அவர் வீட்டம்மாவும் இவளும் வெளி பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். உருளைக்கிழங்கை நறுக்கி ஊறப்போட்டு, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கு இருவரும் சொல்லிக் கொடுப்பார்களாம். வீட்டுக்காரர் போன பிறகும் இரண்டு தடவை அந்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். ஏன் போனேன் என்று தெரியவில்லை அண்ணன் என்றாள். பிறகுதான் அழுதாள். சத்தமாக, அண்ணாச்சி இறந்தபோது அவள் அம்மா அழுத மாதிரி, ராகம் போட்டு அழுதாள். நான் ஜெபம் பண்ணித் தடுக்கவில்லை. சாவு வீட்டில் அழ ஆரம்பித்தாலே "ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று வாயை அடைக்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? வேதாகமத்தில் புலம்பல் என்று ஒரு புஸ்தகமே வைத்திருக்கிறோமே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் சேகரத்துச் சபைகளுக்கு வருஷா வருஷம் அட்டை அடிப்பது நீதான். நிறுத்து என்று சொல்லவில்லை. நீ நிறுத்தினால் ஜனங்கள் வேறு எங்காவது போய் வாங்கிக்கொள்வார்கள். இந்த வருஷம் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் அவளைப் போய்ப் பார். உன் ஊரிலிருந்து இரண்டு பஸ்தான். அந்த அட்டையைக் காட்டச் சொல். நான்காம் வசனத்திலிருந்து பதினான்கு வரைக்கும் ஒரு மடிப்புத்தாளில் அடிக்க எவ்வளவு ஆகும் என்றும் விசாரித்து எழுது. பாதிச் செலவு நான் தருகிறேன்.

என் எபிரேய இலக்கணப் புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது. வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
எட்வின்