கிளாஸ்கோவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சிவம்,

ஒரு வருடமாக வாய் திறக்காதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்றால், ஏதோ வில்லங்கம் என்று உனக்கு விளங்கியிருக்கும். வீட்டில் எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிநாடு கேட்கிறது. மாஸ்டரின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது அறிந்து சந்தோஷம். இனிமேல் சீட்டாட்டத்தில் தோற்றால் கண்ணைச் சாட்ட அவருக்கு வழியில்லை.

நீ கடைசியாக இங்கே வந்திருந்தபோது, அகதிகளை வரவேற்கும் ஸ்கொட்லாந்து அரசாங்கத்தைப் பற்றி, "உங்களுடைய எடின்பரோ அரசாங்கம் அடுத்தவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு விருந்தாளியை வரச்சொல்கிறது" என்றாய். அன்று விடிய இரண்டு மணி வரை உன்னோடு சண்டை பிடித்தேன். அந்தச் சண்டையில் பாதியை இப்போது உனக்கு விட்டுத்தர வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து வாசிப்பித்துக்கொள்ளும் வவுனியாப் பையனைப் பற்றித் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன் அல்லவா? இரண்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு அவனுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. நாங்கள் கேக் வெட்டிய வாரத்திலேயே அடுத்த கடிதமும் வந்தது: 28 நாளுக்குள் வீட்டை விட வேண்டும், வாரம் கிடைத்த 49.18 பவுண்டும் அத்தோடு நிற்கும். நான் அதை வாசித்துக் காட்டியபோது, "அண்ணை, கேஸ் வென்றதற்கா இது?" என்று கேட்டான். 2024 டிசம்பரில் இந்தத் தவணையை 56 நாளாக நீட்டிப் பார்த்தார்கள். தனி ஆட்களுக்கு அது நிலைக்கவில்லை.

குடிவரவும் புகலிடமும் லண்டனின் கையில் என்று 1998ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்துச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை அவன் படுத்த கட்டிலும் சமைத்த அடுப்பும் லண்டன் உள்துறை அமைச்சின் பொறுப்பு. அந்தஸ்து கிடைத்துத் தவணை முடிந்ததும் அவன் வீடற்றவன். வீடற்றவர்களைப் பார்ப்பது ஸ்கொட்லாந்துச் சட்டப்படி மாநகர சபையின் வேலை. ஒரே தெருவில், ஒரே கதவுக்கு முன்னால் நின்றபடியே அவன் ஒரு அரசாங்கத்திலிருந்து இன்னொரு அரசாங்கத்துக்குக் குடிபெயர்ந்தான். நான் காரோடு போனபோது, உடுப்புகளைக் கறுப்புக் குப்பைப் பையில் கட்டி, ரைஸ் குக்கரைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

சபை அலுவலகத்தில் நாலு மணித்தியாலம் இருந்தோம். அங்கிருந்த பெண் நல்லவர்தான், ஆனால் களைத்துப் போயிருந்தார். "உங்களுக்கு உரிமை இருக்கிறது, இன்றைக்கு அறைதான் இல்லை" என்றார். உரிமையை எங்கே விரித்துப் படுப்பது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்துப் பேசாமல் வந்துவிட்டேன். பதினொரு இரவு எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்தான். இப்போது சபை பிடித்துக்கொடுத்த ஒரு ஹோட்டல் அறையில் இருக்கிறான். அங்கே சமைக்கக்கூடாது, ஆகவே குக்கர் என்னிடம்.

இங்கேதான் உன் பேச்சு என்னைக் குத்துகிறது. உங்கள் இங்கிலாந்தில், உடம்பு சுகமாக உள்ள தனி ஆணை வீடற்றோர் வரிசையில் முன்னுரிமை இல்லை என்று சொல்லித் தங்க இடம் தராமல் விடலாம். ஸ்கொட்லாந்து அந்தப் பாகுபாட்டை 2012இன் முடிவில் ஒழித்துவிட்டது. 2022இலிருந்து, இந்த ஊரோடு உனக்கு என்ன தொடர்பு என்று கேட்டு வேறு சபைக்குத் தள்ளிவிடும் வழக்கத்தையும் நிறுத்தியது. நல்ல சட்டங்கள், நான் பெருமைப்பட்ட சட்டங்கள். ஆனால் லண்டன் ஒரேயடியாகத் தீர்ப்புகளை வழங்க, வேறு ஊர்களில் அந்தஸ்துப் பெற்றவர்களும் இங்கே வர, செலவும் நெருக்கடியும் இந்தச் சபையின் தலையில் விழுகின்றன. 2000ஆம் ஆண்டில் புகலிடம் கேட்போரை ஏற்க முன்வந்த நகரம் இது. அதே நகரம் 2023 நவம்பரில் வீட்டு நெருக்கடி நிலையை அறிவித்தது. பிறகு, ஆட்களை அனுப்புவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று லண்டனைக் கேட்கும் நிலைக்கும் வந்தது. அந்தச் செய்தியை வாசித்த அன்று நான் உனக்கு அழைக்கவில்லை. காரணம் உனக்குத் தெரியும்.

இந்த ஊர்க் கென்மியூர் தெருவை நான் சொல்லிச் சொல்லியே உன் காது புளித்திருக்கும். ஆனாலும் சொல்வேன். 2021 மே 13, நோன்புப் பெருநாள் அன்று, இரண்டு இந்தியர்களைப் பிடித்து ஏற்றிய குடிவரவு அதிகாரிகளின் வாகனத்தை அயலவர்கள் எட்டு மணித்தியாலம் அசையவிடவில்லை. ஒருவர் வாகனத்துக்கு அடியிலேயே புகுந்து படுத்துக்கொண்டார். கடைசியில் ஸ்கொட்லாந்துப் பொலிஸ் இருவரையும் விடுவித்தது. பிடித்தது லண்டனின் அதிகாரிகள், விட்டது எடின்பரோவுக்குப் பதில்சொல்லும் பொலிஸ். ஊரில் பொலிஸ் அதிகாரம், காணி அதிகாரம் என்று வாய் கிழியப் பேசிய நாம், பொலிஸ் அதிகாரம் என்றால் என்ன என்பதை இங்கே வந்துதான் கண்ணால் பார்த்தோம்.

இனி நீ வெல்லாத பாதிக்கு வருகிறேன். எடின்பரோ வெறும் வாய்ப்பேச்சு என்றாய். அதன் பேச்சுக்கு மதிப்பில்லாமல் செய்வது யார்? சிறுவர் பராமரிப்பும் ஆட்கடத்தலுக்கு ஆளானோருக்கான உதவியும் லண்டனிடமிருந்து எடின்பரோவுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட விடயங்கள். 2022இன் குடியுரிமை மற்றும் எல்லைகள் சட்டமூலம் அவற்றில் கைவைத்தபோது, அந்த பெப்ரவரியில் எடின்பரோப் பாராளுமன்றமும் கார்டிஃபிலுள்ள வேல்ஸ் பாராளுமன்றமும் இணக்கம் தர மறுத்தன. இது எங்கள் விடயம், உங்கள் இணக்கம் தேவையில்லை என்று சொல்லி லண்டன் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த வருடச் சட்டவிரோதக் குடிபெயர்வுச் சட்டத்துக்கும் கார்டிஃப் மறுத்தது, அதுவும் நிறைவேறியது. பகிர்ந்தளிக்கப்பட்ட விடயங்களில் வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டன் பாராளுமன்றம், "வழமையாக" இணக்கமின்றிச் சட்டம் இயற்றாது என்று 2016ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்துச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அது அரசியல் மரபு, அதை விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. ஒரு பாராளுமன்றத்தின் மறுப்பு முழுவதும் "வழமையாக" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் காணாமல் போகிறது, சிவம். அதிகாரப் பகிர்வுக் காகிதங்களில் இப்படிப்பட்ட சொற்களை நாம் முன்பும் பார்த்திருக்கிறோம். யார் எழுதினாலும் அவற்றை வைக்கும் இடம் ஒன்றுதான்.

பெல்ஃபாஸ்டைப் பார். 2024 மே 13 (கென்மியூர் தெருவுக்குச் சரியாக மூன்று வருடம்) அங்குள்ள உயர் நீதிமன்றம், அதே 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் பல பிரிவுகள் வட அயர்லாந்தில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழக்கைக் கொண்டுபோனவர்கள் அங்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவும், ஈரானிலிருந்து தனியாக வந்த 16 வயதுப் பையன் ஒருவனும். வென்றது பெல்ஃபாஸ்ட் சட்டசபையின் வாக்கெடுப்பால் அல்ல. லண்டன் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்ட வின்ட்ஸர் ஏற்பாட்டில், அங்குள்ள மக்களின் உரிமைகளைக் குறைப்பதில்லை என்று கொடுத்த வாக்குறுதியால். இரண்டு பாராளுமன்றங்கள் எழுந்து நின்று சொன்ன மறுப்பால் முடியாததை, வெளியில் இன்னொருவர் கையெழுத்தும் இருந்த ஒரு காகிதம் செய்தது. இது எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று இன்னும் பிடிபடவில்லை.

பயம் என்று சொன்னால் இதுதான். சபைக்கும் லண்டனுக்கும் இடையிலுள்ள கணக்கு வழக்கு பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அவருடைய மகள் வீட்டுக்காகக் காத்திருக்கிறாள். ஹோட்டலில் எங்கள் பையன் இருக்கிறான். அவர் கண்ணில் படுவது அவ்வளவுதான். கென்மியூர் தெருவில் தண்ணீர்ப் போத்தல் நீட்டியவர்களில் ஒருவர்கூட மாறியிருக்கமாட்டார் என்று உனக்குச் சத்தியம் செய்ய என்னால் இப்போது முடியாது.

பையன் போன கிழமை வந்தான். 2020இல் கொண்டுவந்த சட்டத்தால், அந்தஸ்துள்ள அகதிகளும் 2026 மே மாத ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். "என்ர வீசாவை நீடிக்கிறது அவையோ?" என்று கேட்டான். இல்லை, அது வெஸ்ட்மின்ஸ்டர். இலங்கை பொதுநலவாய நாடு, அதனால் அந்தத் தேர்தலிலும் உனக்கு வாக்கு உண்டு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பதிவுப் படிவத்தைக் கேட்டு வாங்கினான். பெயரை ஆங்கிலத்தில் அழகாக எழுதினான். முகவரிக் கட்டத்தில் பேனையை வைத்தபடி என்னைப் பார்த்தான். நிலையான வீடில்லாதவர்களுக்கென்று வேறு படிவம் ஒன்று இருக்கிறது. அதை நாளைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், திருப்பிக் கேட்டால் குக்கரையும்.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன். பாதி வென்றதைக் கோபியிடம் சொல்லித் திரியாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்