ஏழெட்டு வருட ஒத்திகை

ஆசிரியருக்கு,

தன்பாலீர்ப்பு இளைஞர்கள் குறித்த கட்டுரை படித்தேன். திடீரென்று ஒருநாள் வீட்டில் உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள் என்று அதில் இருந்தது. வீட்டாருக்குத்தான் அது திடீர். பையனுக்கு அதற்குள் ஏழெட்டு வருட ஒத்திகை முடிந்திருக்கும்.

நான் அப்படி வளர்ந்தவன். பதின்மூன்று வயதில் வகுப்பில் ஒருவன் என்னைப் போலவே கையை வீசி நடந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. அன்று மாலையிலிருந்து கை கால்சட்டைப் பைக்குள்தான். எந்தப் பெண்ணைப் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பெயரும் தயாராக வைத்திருந்தேன். (பாவம், அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது.)

அடி உதை எதுவும் வாங்கவில்லை. ஆனால் எந்நேரமும் தன்னையே வேவு பார்ப்பவனுக்குப் பாடம் எங்கே ஏறும்? கவனம் போதவில்லை என்றார் கணக்கு வாத்தியார். கவனம் இருந்தது, வேறு இடத்தில்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலும், உலக சுகாதார நிறுவனம் 1990-இலும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. அப்படியும் ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். சரி, அவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அப்புறம், இன்னும் வாய் திறக்காத பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களுக்காகவும் எழுதுங்கள். அந்த வயதில் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் ஒரு வரியாவது இருக்காதா என்று நான் தேடியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்