பரணில் கிடக்கும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரே போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலேயே தியேட்டர் அமைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் அதில் காட்டியிருந்த ஹாலுக்குள் எங்கள் வீடே அடங்கிவிடும். சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒற்றை ஸ்பீக்கர்), ஏவி ரிசீவர் (எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), கூரையில் ஸ்பீக்கர் என்று அடுக்கிக்கொண்டே போனவர், பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து டிவி பார்க்கும் குடும்பத்துக்கு என்ன வழி என்று ஒரு வரிகூட எழுதவில்லை. வழி இருக்கிறது, அதுவும் பல வீடுகளில் பரணிலேயே இருக்கிறது.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கிய 2.1 செட்டைத்தான் சொல்கிறேன். இரண்டு சின்ன ஸ்பீக்கர், தாழ்ந்த சத்தத்துக்கென்று ஒரு வூஃபர் பெட்டி. லேப்டாப்பும் செல்போனும் வந்த பிறகு அதைத் துணியில் சுற்றி மேலே போட்டதோடு சரி. அதை இறக்கித் துடைத்து டிவியோடு இணைத்துப் பாருங்கள், டிவிக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. டிவி மெலிய மெலிய உள்ளே ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் போய், பெரும்பாலும் கீழே பார்த்தபடி பொருத்திவிடுகிறார்கள், சத்தம் நம் பக்கம் வராமல் மேசையில் பட்டுச் சிதறுகிறது. வசனம் புரியவில்லையே என்று வால்யூமைக் கூட்டினால் அடுத்த நிமிடம் சண்டைக் காட்சி வந்து தூங்குகிற குழந்தை அலறி எழும். காது உயரத்தில், நம்மைப் பார்த்தபடி இரண்டு சின்ன ஸ்பீக்கர் வைத்தாலே இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும்.

இணைப்பதில்தான் பலர் தயங்குகிறார்கள். டிவியில் ஹெட்போன் ஓட்டை இருந்தால் கம்ப்யூட்டரில் செருகிய அதே பின்னை அங்கே செருக வேண்டியதுதான், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். புது டிவிகள் பலவற்றில் அந்த ஓட்டையை எடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் ஆப்டிகல் என்று எழுதியிருக்கும் சின்னச் சதுர ஓட்டையைத் தேடுங்கள். அதில் வருவதை ஸ்பீக்கர் பின்னுக்கு ஏற்றபடி மாற்ற உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், சென்னை ரிச்சி தெருவில் ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும். கடையில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம், அதாவது சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தம், என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் டிவி சத்தத்தைச் சுருக்கி அடைத்த டால்பியாகவே அனுப்பக்கூடும், விலை குறைந்த கன்வெர்ட்டருக்கு அதைப் பிரிக்கத் தெரியாது, சத்தமே வராது, புதுப் பெட்டி அவுட் என்று திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஆப்டிகலில் இன்னொரு சங்கடம், பல டிவிகளில் ரிமோட் வால்யூம் வேலை செய்யாது, எழுந்துபோய் ஸ்பீக்கர் குமிழைத் திருக வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் இதற்குத் திட்டு நிச்சயம். ப்ளூடூத்தில் போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு, பாட்டுக்குச் சரி, படத்துக்கு வேண்டாம், வாய் முதலில் அசையும், வசனம் பின்னால் வரும்.

அப்புறம் வூஃபர். அதை சோபாவுக்குப் பின்னால் மூலையில் தள்ளிவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். பெரிய தியேட்டர் செட்களில் வூஃபர் 80 ஹெர்ட்ஸ் வாக்கில் நின்றுவிடும் (ஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய சத்தம் தாழும்), அவ்வளவு தாழ்ந்த சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது, அந்த வகையில் எங்கே வைத்தாலும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் செட்டில் அப்படியில்லை. இரண்டரை அங்குல ஸ்பீக்கரால் தாழ்ந்த சத்தத்தைத் தள்ள முடியாது என்பதால் வூஃபர் பெட்டி 150, சிலவற்றில் 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் சுமக்கிறது. ஆண்குரலின் அடித்தொனியும் அதற்குள் விழுந்துவிடுகிறது. பெட்டியை மூலையில் வைத்தால் ஹீரோ திரையில் நிற்பார், குரலில் பாதி சோபாவுக்குப் பின்னாலிருந்து வரும். டிவிக்கு நேர்கீழே வைத்து, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, தாழ்ந்த சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பேஸ் குமிழைப் பாதிக்கும் கீழே நிறுத்திக் கேளுங்கள்.

ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர் என்று நம்மைச் சுற்றி வைக்கும் 5.1 செட் வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விலை மலிவான 5.1 செட்டில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பின் வரும், முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, நடு ஸ்பீக்கருக்கும் வூஃபருக்குமாக ஒன்று. டிவியின் ஹெட்போன் ஓட்டையில் வருவதோ இடது, வலது என்று இரண்டே சேனல். பச்சையை மட்டும் செருகினால் ஒன்று முன்பக்கம் மட்டும் பேசும், இல்லாவிட்டால் அதே சத்தத்தைப் பின்பக்கமும் ஒப்பிக்கும், கடையில் அதைத்தான் சரவுண்ட், அதாவது சுற்றிவரும் சத்தம், என்று போட்டுக் காட்டுகிறார்கள். இதற்கு ஒரே விலக்கு, அந்த மூன்று பின்னையும் செருகும்படியான ஓட்டைகளோடு பழைய டெஸ்க்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், படத்தை ஹெச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் சத்தத்தை நேராக ஸ்பீக்கருக்கும் கொடுத்துவிடலாம். பைசா செலவில்லாமல் நிஜமான 5.1.

வாட் கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில் உங்கள் பக்கங்களில் வரும் விளம்பரங்களுக்கும் பங்கு உண்டு. பிஎம்பிஓ என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட் எழுதுகிறார்கள். கண் சிமிட்டும் நேரத்துக்கு வரக்கூடும் என்று காகிதத்தில் கணக்குப்போட்ட உச்சம் அது, அதை அளக்கப் பொதுவான முறைகூடக் கிடையாது. தொடர்ந்து எவ்வளவு தரும் என்பதை ஆர்எம்எஸ் கணக்குதான் சொல்லும். அடாப்டரில் ஓடும் செட்டாக இருந்தால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 24 வாட், அதற்கு மேல் தொடர்ந்து ஒரு வாட் கூட அந்தப் பெட்டியிலிருந்து வராது, அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. அந்த 24 வாட்டே சின்ன ஹாலுக்குத் தாராளம் என்பது வேறு விஷயம்.

பழைய செட் ஓடவில்லை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தாம்பரத்தில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவன் நான், திறந்து பார்த்த 2.1 செட்களில் பெரும்பாலும் டிடிஏ 2030 என்கிற ஆம்ப்ளிஃபயர் ஐசிதான் (சிப்) இருக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த சரக்கு, இன்றும் கடையில் கிடைக்கிறது. குமிழைத் திருகும்போது கரகரவென்றால் உள்ளே தூசி, கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை திருகினால் போகும். விடாமல் உர்ரென்று உறுமினால் பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கும், மாற்ற ஆகும் செலவு ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது. டிவியில் இணைத்த பிறகு மட்டும் உறுமுகிறதா? செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் அந்த வழியாகச் சுற்றி வருகிறது என்று அர்த்தம், அந்தச் சுற்றைத் துண்டிக்க கடையில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு உறுமலை நிறுத்தும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும்.

சவுண்ட்பாரை நான் குறை சொல்லவில்லை. ஒரே ஒயர், ஒரே ரிமோட், பார்க்கவும் லட்சணம். இருபது அடி ஹால் இருப்பவர்கள், வெடிச்சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கட்டும், கம்ப்யூட்டர் செட்டைக் கொண்டு அவ்வளவு பெரிய இடத்தை நிரப்பப் போனால் அது கத்தும், கிழியும். ஆனால் மொசைக் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் ஹாலில் எவ்வளவு விலைக்கு வாங்கி வைத்தாலும் எதிரொலிதான் முந்திக்கொண்டு வரும். முதலில் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, தரைக்கு ஒரு ஜமக்காளம்.

அடுத்த முறை இதே தலைப்பில் எழுதும்போது, இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு 2.1 செட்டையும் சவுண்ட்பாரையும் ஒரே சின்ன ஹாலில் வைத்து, வசனம் எதில் தெளிவாகக் கேட்கிறது என்று உங்கள் செய்தியாளரை எழுதச் சொல்லுங்கள். கூடவே ஸ்பீக்கர் விளம்பரங்களில் ஆர்எம்எஸ் வாட்டையும் போடச் சொல்லிக் கேட்டால் வாசகர்களுக்கு உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்,
தாம்பரம்.