உலர்துறை இல்லாத கடலில் ஒரு பெருங்கப்பல்

நாகப்பட்டினம்

அன்பு நண்பர் சிவசுப்பிரமணியம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை கிடைத்தது. மூட்டு வலி குறைந்து காலை நடையை மறுபடியும் தொடங்கிவிட்டீர்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. எனக்கு இடக்கண்ணில் புரை நீக்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. படிக்கவும் எழுதவும் மருத்துவர் இசைவு தந்த பிறகு எழுதும் முதல் கடிதம் இதுதான்.

உங்கள் பேரனின் துறுதுறுப்பைப் பார்த்து வீட்டில் யாரோ "இவன் சரியான எம்டன்" என்று சொல்ல, அதன் பொருளை அவன் கேட்க, 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியக் கப்பலின் கதையை நீங்கள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். போர் மூண்டபோது தாய்நாட்டுக்கு வெளியே சிக்கிக்கொண்ட மற்ற ஜெர்மானியக் கப்பல்கள் என்னவாயின என்று அவன் அடுத்துக் கேட்டானாம். அவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். எம்டனின் ஓட்டம் அந்த நவம்பரிலேயே கோகோஸ் தீவருகே முடிந்துவிட்டது. ஆனால் அதே ஆகஸ்டில் மத்தியதரைக் கடலில் தனித்து நின்ற 'கோபென்' என்ற போர்க்குரூசர் (பெரும் பீரங்கிகளோடு விரைந்தோடும் போர்க்கப்பல்), துருக்கியின் கொடியை ஏற்றுக்கொண்டு 'யாவுஸ்' என்ற பெயரில் எழுபதுகள் வரை இருந்தது. கப்பல் பழுதுபார்க்கும் பணிமனையிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு அந்தக் கப்பலின் மேல் தனிப் பற்று உண்டு. அதன் போர்களைவிட, அதை எப்படிச் செப்பனிட்டார்கள் என்பதே என்னை ஈர்த்த விஷயம். பேரனுக்குச் சுருக்கிச் சொல்லிக்கொள்ளுங்கள். உங்களுக்கு விரிவாக எழுதுகிறேன்.

அன்றைய துருக்கியான உதுமானியப் பேரரசின் கடற்படையைப் பற்றிச் சிறிது சொல்லாமல் யாவுஸின் கதை விளங்காது. சுல்தான் அப்துல் அஜீஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் கடன்மேல் கடன் வாங்கி, உலகின் மூன்றாவது பெரிய கடற்படை என்று எண்ணப்படும் அளவுக்கு இரும்புக் கவசக் கப்பல்களைச் சேர்த்தார். பெரும்பாலானவை வெளிநாடுகளில் கட்டியவை. 1876-இல் அவரை அரியணையிலிருந்து இறக்கியபோது கடற்படையும் அதற்குத் துணை நின்றது. அதே ஆண்டில் ஆட்சிக்கு வந்த இரண்டாம் அப்துல் ஹமீது அதை மறக்கவில்லை. கப்பல்களை இஸ்தான்புல்லின் பொற்கொம்பு நீர்முகத்தில் கட்டிப்போட்டுவிட்டார். ஓடாத கப்பலுக்கு என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் படியும், குழாய்கள் துருப்பிடிக்கும், வேலை தெரிந்த கைகள் வேலையை மறக்கும்.

அந்தக் காலத்தின் துயரமான சாட்சி 'எர்துருல்' என்ற மரக்கப்பல். 1889-இல் ஜப்பானுக்கு நல்லெண்ணப் பயணமாக அதை அனுப்பினார்கள். போகும் வழியில் பம்பாயிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் நங்கூரம் போட்டது. தண்ணீரில் இறங்கி ஏற்கெனவே கால் நூற்றாண்டைத் தாண்டிய கப்பல் அது. திரும்பும் வழியில் 1890 செப்டம்பர் 16 அன்று புயலில் சிக்கி ஜப்பானின் கீ ஓஷிமா கரைப் பாறைகளில் மோதி உடைந்தது. 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர்கள் 69 பேர். அவர்களைத் தூக்கி வந்து காப்பாற்றியது அந்தக் கரையின் மீனவ மக்கள். நம் கடற்கரையைக் கடந்து போன ஒரு கப்பல் ஊர் திரும்பவே இல்லை என்பது ஏனோ என்னை ஒவ்வொரு முறையும் வருத்துகிறது.

1912-13 பால்கன் போர் துருக்கியர்களின் கண்ணைத் திறந்தது. கிரேக்கரிடம் இருந்த 'அவெரோஃப்' என்ற ஒரே நவீன கவசக் குரூசர், எல்லி, லெம்னோஸ் ஆகிய இரு சண்டைகளிலும் உதுமானியக் கப்பல்களை இஸ்தான்புல்லுக்குக் கடல்வாயிலான டார்டனெல்ஸ் நீரிணைக்குள் விரட்டியடித்தது. அப்போது ரவூப் என்ற இளம் தளபதி 'ஹமீதியே' குரூசரோடு தனியே வெளியேறி ஏஜியன், மத்தியதரைக் கடல்களில் நடத்திய வேட்டை மட்டுமே அந்த மக்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

1909-இல் தொடங்கிய கடற்படை உதவிச் சங்கத்துக்கு மக்கள் வாரிக் கொடுத்தார்கள். கூந்தலை விற்றுக் காசு கொடுத்த பெண்களைப் பற்றித் துருக்கியில் இன்றும் பேசுகிறார்கள். அந்த நன்கொடையும் கடனும் சேர்ந்துதான் இங்கிலாந்தில் உருவான இரண்டு மாபெரும் போர்க்கப்பல்களுக்கு விலையாயின. ஒன்று 'சுல்தான் உஸ்மான்'. ஏழு கோபுரங்களில் பதினான்கு 12 அங்குலப் பீரங்கிகளைச் சுமந்தது. மற்றது 'ரெஷாதியே'. சுல்தான் உஸ்மானை ஏற்றுக்கொள்ளத் துருக்கிய மாலுமிகள் நியூகாசில் நகரில் காத்திருந்த வேளையில், 1914 ஆகஸ்டின் தொடக்க நாட்களில் அன்றைய கடற்படை அமைச்சர் சர்ச்சிலின் ஆணைப்படி பிரிட்டன் இரு கப்பல்களையும் பறித்துக்கொண்டு, 'ஏஜின்கோர்ட்', 'எரின்' என்று பெயர் மாற்றித் தன் படையில் சேர்த்துக்கொண்டது. போர் வரும்போது ஒரு நாடு அப்படிச் செய்வதற்குக் காரணம் சொல்ல முடியும். ஆனால் சல்லிக் காசாகச் சேர்த்துக் கொடுத்த மக்களின் முகத்தை நினைத்துப் பார்த்தால் அதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே நாட்களில்தான் கோபென் ஓடிக்கொண்டிருந்தது. ஹாம்பர்க்கில் கட்டி 1911-இல் நீரில் இறக்கிய கப்பல். பத்து 28 சென்டிமீட்டர் பீரங்கிகள். முழுச் சுமையோடு 25,000 டன்னுக்கும் மேல். அதன் நோய் கொதிகலன்களில் இருந்தது. குழாய்கள் ஓயாமல் ஒழுகியதால், போருக்குச் சற்று முன் ஆஸ்திரியா-ஹங்கேரியின் போலா துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான குழாய்களை மாற்ற வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 4 அன்று கோபெனில் இருந்த ஜெர்மானியத் தளபதி சூஷோன் அல்ஜீரியாவின் பிரெஞ்சுத் துறைமுகம் ஒன்றைச் சுட்டுவிட்டுத் திரும்பியபோது இரண்டு பிரிட்டிஷ் போர்க்குரூசர்கள் எதிர்ப்பட்டன. பிரிட்டன் இன்னும் போர் அறிவிக்காத காரணத்தால் அவற்றால் சுட முடியவில்லை. பின்தொடர மட்டுமே முடிந்தது. அந்த ஓட்டத்தில் கோபெனின் கொதிகலன் அறையில் நான்கு பேர் நீராவியில் வெந்து மாண்டார்கள். வரலாற்று நூல்கள் தளபதிகளின் துணிவைப் பேசுகின்றன. கரி அள்ளிப் போட்ட அந்த நான்கு பேரின் கடைசி நிமிடங்கள்தான் எனக்குக் கண்முன் நிற்கின்றன.

ஆகஸ்ட் 10 அன்று கோபெனும் துணைக் குரூசர் பிரெஸ்லாவும் டார்டனெல்ஸுக்குள் புகுந்தன. 16-ஆம் தேதி அவை துருக்கிக்கு மாற்றப்பட்டு 'யாவுஸ் சுல்தான் செலீம்', 'மிதில்லி' ஆயின. அதே ஜெர்மானிய மாலுமிகள், நம் ஊரில் துருக்கிக் குல்லாய் என்று சொல்வோமே, அதைத் தலையில் வைத்துக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தார்கள். பறிபோன இரு கப்பல்களுக்கு ஈடாக வந்தவை என்று இஸ்தான்புல் மக்கள் மகிழ்ந்தார்கள். அந்த ஈட்டுக்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. உதுமானியக் கடற்படைத் தளபதியாகிவிட்ட சூஷோன், அக்டோபர் 29 அன்று கருங்கடலைக் கடந்து செவஸ்தோபோல் முதலிய ரஷ்யத் துறைமுகங்களைச் சுட்டார். சில நாட்களில் துருக்கி உலகப் போருக்குள் இருந்தது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1914 டிசம்பர் 26 அன்று கருங்கடலுக்குப் போகும் பாஸ்பரஸ் நீரிணையின் வாயிலில் யாவுஸ் இரண்டு கடற்கண்ணிகளில் (நீருக்குள் மறைத்துவைக்கும் வெடிகளில்) மோதியது. ஒரு பக்கம் 50 சதுர மீட்டர், மறுபக்கம் 64 சதுர மீட்டர் அளவுக்கு ஓட்டை. ஒரு சிறு வீடு நுழையும் ஓட்டை என்று பேரனிடம் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய கப்பலை ஏற்றிவைத்துச் செப்பனிட அந்தப் பேரரசில் ஓர் உலர்துறைகூட இல்லை. பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கப்பலின் வயிற்றோடு ஒட்டி நிற்குமாறு இரும்புப் பெட்டி அணைகளைச் செய்து, நீருக்குள் இறக்கிப் பொருத்தி, உள்ளே இருந்த நீரை இறைத்து, அந்த உலர்ந்த இடத்தில் நின்று ஓட்டையைக் கான்கிரீட்டால் அடைத்தார்கள். அந்த ஒட்டு சில ஆண்டுகள் தாங்கியது. இத்தகைய வேலையைச் சிறு அளவில் நான் ஒருமுறை கையால் செய்திருப்பதால் சொல்கிறேன்: அணையின் விளிம்பு கப்பலின் வளைவோடு விரல் அளவு பிசகினாலும் கடல் உள்ளே வந்துவிடும். குளிர்காலத்தில், போர் நடுவில், அதைச் செய்து முடித்தவர்களை நான் வணங்குகிறேன்.

யாவுஸ் இப்படிக் கிடந்த காலத்தில் டார்டனெல்ஸைக் காத்தது ஒரு சின்னஞ்சிறு கண்ணியிடும் கப்பல். 'நுஸ்ரத்' என்று பெயர். நீளம் ஏறக்குறைய 40 மீட்டர். துருக்கியை எதிர்த்த பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நேச நாட்டுப் போர்க்கப்பல்கள் சுட்டுவிட்டுத் திரும்பும்போது ஆசியக் கரையோரம் எரென்கோய் விரிகுடாவில் வளைவதைத் துருக்கியர்கள் கவனித்திருந்தார்கள். 1915 மார்ச் 8 விடியலுக்கு முன், கேப்டன் இஸ்மாயில் ஹக்கி அந்த விரிகுடாவில் கரைக்கு இணையான ஒரே வரிசையாக 26 கண்ணிகளை இட்டுத் திரும்பினார். பத்து நாள் கழித்து, மார்ச் 18 அன்று, பிரெஞ்சுக் கப்பல் 'பூவே' அங்கே மோதிச் சில நிமிடங்களில் 600-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. பிரிட்டனின் 'இர்ரெசிஸ்டிபிள்', 'ஓஷன்' இரண்டும் அடுத்து மூழ்கின. கடல் வழியாக இஸ்தான்புல்லை அடையும் முயற்சி அன்றோடு நின்றது. பின்னர் மே 13 இரவில் 'முவாவெனெத்-இ மில்லியே' என்ற டெஸ்ட்ராயர் (சிறிய, வேகமான போர்க்கப்பல்) பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'கோலியாத்'தை டார்பிடோவால் மூழ்கடித்தது. அந்தப் பெயருக்கு 'நாட்டு மக்களின் உதவி' என்று பொருள். மக்கள் கொடுத்த காசு இங்கிலாந்தில் பறிபோனாலும் இந்தக் கப்பலில் அது வீணாகவில்லை.

1918 ஜனவரி 20 அன்று யாவுஸும் மிதில்லியும் ஏஜியன் கடலுக்குள் பாய்ந்து, இம்ப்ரோஸ் தீவருகே இரண்டு பிரிட்டிஷ் மானிட்டர்களை (பெரும் பீரங்கி தாங்கிய சிறு போர்க்கப்பல்களை) மூழ்கடித்தன. திரும்பும்போது கண்ணிகளில் சிக்கி மிதில்லி மூழ்கியது. யாவுஸ் மூன்று கண்ணிகளில் அடிபட்டு நீரிணைக்குள் தரைதட்டி, ஆறு நாள் விமானக் குண்டுகளைத் தாங்கிக் கிடந்தது. 'துர்குத் ரெயிஸ்' என்ற பழைய போர்க்கப்பல் வந்து அதை இழுத்து மிதக்கவிட்டது.

போருக்குப் பின் துருக்கிக் குடியரசின் கைக்கு வந்த யாவுஸ், உள்ளே தண்ணீர் தேங்கிய நிலையில் இஸ்மித் விரிகுடாவில் நின்றது. புதிய அரசு முதலில் செய்தது என் மனத்துக்கு மிகவும் உகந்த செயல்: கப்பலைத் தொடுவதற்கு முன் நீரில் மிதந்தபடியே கப்பலை ஏற்றிவைக்கும், 26,000 டன் தாங்கும் மிதவைத் துறை ஒன்றை ஜெர்மனியில் செய்யச் சொல்லி வாங்கியது. யாவுஸை முதன்முதலாக ஏற்றியபோது அந்தத் துறையின் ஒரு பகுதி நொறுங்கிக் கப்பலும் காயப்பட்டது. பணத்தில் முறைகேடு வெளிப்பட்டுக் கடற்படை அமைச்சருக்குத் தண்டனையும் கிடைத்தது, அமைச்சகமே கலைக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் கையால், 1930-இல் யாவுஸ் வெள்ளோட்டத்தில் 27 நாட் (மணிக்கு 27 கடல் மைல்) வேகம் காட்டியது. அந்த வேலைக்காக எழுந்த கோல்ஜுக் பணிமனை, பின்னாளில் துருக்கியக் கடற்படையின் முதன்மைத் தளமாக வளர்ந்தது. 1938 நவம்பரில் குடியரசை நிறுவிய அத்தாதுர்க்கின் உடலை இஸ்தான்புல்லிலிருந்து இஸ்மித்துக்குச் சுமந்து சென்றதும் இதே யாவுஸ்தான்.

1950-இல் ஓய்வு பெற்ற கப்பலை 1963-இல் மேற்கு ஜெர்மனிக்கே விற்க முன்வந்தார்கள். அவர்கள் வேண்டாம் என்றார்கள். 1973 ஜூனில் உடைப்புக் களத்துக்கு இழுத்துச் சென்றார்கள். 1976-க்குள் வேலை முடிந்தது. ஜெர்மானியப் பேரரசின் பெரும் போர்க்கப்பல்களில் கடைசியாக நீரில் நின்றது அது. எதிரியான அவெரோஃப் இன்றும் ஏதென்ஸ் அருகே அருங்காட்சியகமாக மிதக்கிறது. யாவுஸுக்கு அந்தப் பேறு இல்லை. அதன் உந்துவிசிறி ஒன்று கோல்ஜுக்கில் நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நுஸ்ரத்தின் கதி சற்று மேல். சரக்குக் கப்பலாக மாறி, 1989-இல் மெர்சின் கடலில் மூழ்கி, பத்து ஆண்டுகளுக்குப் பின் மீட்கப்பட்டு, இப்போது தார்சுஸ் நகரில் நினைவகமாக இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தை விரைந்து சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா கழித்த டெஸ்ட்ராயர்களே பல ஆண்டுகள் துருக்கியின் முதுகெலும்பாக இருந்தன. கிரேக்கத்துக்கும் அதே வகைக் கப்பல்கள் கிடைத்தன. 1974 ஜூலை 21 அன்று சைப்ரஸ் கடலில் தங்கள் 'கோஜாதெபே'யைக் கிரேக்கக் கப்பல் என்று எண்ணித் துருக்கிய விமானங்களே குண்டு வீசி மூழ்கடித்தன. 50-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். இரவல் கப்பலுக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

பிறகு இஸ்தான்புல் கடற்படைக் கட்டுதளத்தில் தாங்களே வடிவமைத்துக் கட்டிய 'ஹெய்பெலியாதா' என்ற கொர்வெட் (சிறு போர்க்கப்பல்), 2011 செப்டம்பர் 27 அன்று பணியில் சேர்ந்தது. நீளம் 99 மீட்டர். எடை யாவுஸில் பத்தில் ஒரு பங்கு. அதைத் தொடர்ந்து அதே வரிசையில் மூன்று கப்பல்கள் வந்தன; 2024-இல் 'இஸ்தான்புல்' என்ற, கொர்வெட்டைவிடச் சற்றுப் பெரிய ஃப்ரிகேட் வகைக் கப்பலும் சேர்ந்தது. அவற்றின் ஏவுகணைகளைப் பற்றிப் பேரன் என்னைவிட நன்றாகத் தேடிப் படித்துவிடுவான். அடிபட்டால் ஏற்றிவைக்க ஊரிலேயே துறை இருக்கிறது, கட்டிய கைகளே செப்பனிடக் காத்திருக்கின்றன என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இரும்புப் பெட்டி அணை எப்படிக் கப்பலின் வயிற்றில் பொருந்தும் என்பதற்குப் பேரனுக்காக ஒரு படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கண் இன்னும் முழுதாகத் தெளியாததால் கோடுகள் சற்றுக் கோணலாக இருக்கும், அளவுகள் சரியானவை. அவனுக்கு ஐயம் எழுந்தால் அவன் கையாலேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
இராமநாதன்